'அடுத்த கட்டம்' முதலாளி

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளிகளிலேயே அதிக தடவை முன்னேறியவர் எங்கள் முதலாளிதான். ஒவ்வொரு முன்னேற்றத்துக்கும் ஆர்டர் கொடுக்கிற பையர் ஒருவர் கழன்றுகொண்டார் என்பது வேறு விஷயம். எதற்கெடுத்தாலும், "நாம அடுத்த கட்டத்துக்குப் போயாகணுமுங்க" என்பார். டெய்லர்கள் முதல் டீக்கடைக்காரர் வரை அவருக்கு வைத்த பெயரே 'அடுத்த கட்டம்'.

நான் அங்கே மெர்ச்சன்டைசர். பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று, பையரிடம் பொய்யும் முதலாளியிடம் உண்மையும் சொல்கிற வேலை. சில நாள் மாற்றிச் சொல்லிவிட்டு மாட்டிக்கொள்வேன்.

கோவையில் கருத்தரங்கு என்று முதலாளி கிளம்பினாலே, திரும்பி வந்து எதை மாற்றுவாரோ என்று பேசிக்கொள்வோம். ஒருமுறை போய்வந்து கம்பெனிப் பெயரை மாற்றினார். புதுப் பெயர் வாட்ச்மேன் வாயில் நுழையவில்லை. பையர் போன் செய்து அந்தப் பெயரைச் சொன்னதும், ராங் நம்பர் என்று வாட்ச்மேன் போனை வைத்துவிட்டார். இன்னொருமுறை சுவரெல்லாம் பொன்மொழிகள் ஒட்டினார். கூரை ஒழுகி அத்தனையும் உரிந்து விழுந்தன. கூரையை முதலில் பார்க்கலாமே என்றேன். அது பழைய சிந்தனை என்றார்.

உச்சம், அந்த டிவி. தையல் ஹாலில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நின்றது. எந்த லைனில் எத்தனை பீஸ் ஓடுகிறது என்பது கலர் கலராகத் தெரியும். அதே வாரம் கட்டிங் சூப்பர்வைசர் சரசக்கா வந்து, துணிக்கட்டில் கட்டுகிற சைஸ் சீட்டு தீர்ந்துவிட்டது, வெட்டின துணியை எந்த சைஸ் என்று தெரியாமலே தைக்க அனுப்புகிறோம் என்றார்.

"சீட்டுக் காலத்தையெல்லாம் நாம தாண்டியாச்சுங்கக்கா" என்று சொல்லி, முதலாளி அவருக்கு டிவியைக் காட்டினார்.

எங்களிடம் மிச்சமிருந்த ஒரே பெரிய பையர் ஜெர்மனியிலிருந்து வந்தார். எல்லா லைனும் சரி என்று திரை முழுக்கப் பச்சை. முதலாளி அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, பையர், அனுப்பத் தயாராக இருந்த தன் ஆர்டர் பெட்டியிலிருந்து ஒரு டி-சர்ட்டை எடுத்துத் தானே மாட்டிப் பார்த்தார். இடது கை முழங்கையைத் தொட்டது. வலது கை தோளைத் தாண்டவில்லை. அடுத்ததை எடுத்தார். அதில் வலது கை நீளம். அத்தனையையும் ஒரே வாரத்தில் சரிசெய்யாவிட்டால் இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கார் போனதும் முதலாளி டிவியை நிறுத்தச் சொன்னார். பழி சரசக்கா தலையில்தான் விழும் என்று நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தப்பு எம்மேலதானுங்கக்கா. மொதல்ல என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் முதலாளி.

சீட்டு, கட்டுவதற்கு நூல், கட்டிங் டேபிளுக்கு நல்ல வெளிச்சம் என்றார் சரசக்கா. முதலாளி தானே ஸ்கூட்டரில் போய் எல்லாவற்றையும் வாங்கிவந்தார். பிறகு எங்களோடு தரையில் உட்கார்ந்து தையல் பிரித்தார். அவர் பிரித்ததில் பாதி கிழிந்ததால், சரசக்கா அவரை டீ வாங்கிவரும் வேலைக்கு மாற்றினார். அவரும் தூக்குப்போசியோடு போனார். ஒரே வாரத்தில் வேலை முடிந்து ஆர்டர் தப்பியது. கூரைக்கும் புது ஷீட் வந்தது.

மனிதர் திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். போன மாதம் ரோபோ விலை விசாரிக்கச் சொன்னார். ஆனால் அதற்கு முன் கட்டிங் பக்கம் போய், ஏதாவது தீர்ந்திருக்கிறதா என்று சரசக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

பெரிய கம்பெனிக்காரர்கள் என்னை அவ்வப்போது வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். நான் போகவில்லை. வீட்டில் கேட்டால், அங்கே போக பஸ் வசதி சரியில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.