தேனீ லாரிக்கு ஆங்கிலப் பரீட்சை

லாரி ஓடுவது டீசலால் என்று நம்பும் அப்பாவிகள் இன்னும் இருக்கிறார்கள். ஐயா, லாரி ஓடுவது ஆங்கிலத்தால்! அமெரிக்கச் சட்டமே அப்படித்தான்: ஆங்கிலம் தெரியாதவர் லாரி ஓட்டக்கூடாது. இந்தப் பேருண்மையைக் கட்டிக்காக்கும் ‘திருப்பணி’யில், அரிசோனா பாலைவனத்து லாரிகளை நிறுத்திச் சோதிக்கும் எடைநிலையம் ஒன்றில் வெயிலென்றும் பாராமல் நின்றிருந்தார் ஆய்வாளர் வேட் ஸ்ட்ராட்மன்.

அன்று அவர் கையில் மாட்டியவர் பல்கார் சிங். வலை போர்த்திய லாரி நிறையத் தேனீப் பெட்டிகள். கலிபோர்னியா பாதாம் தோப்புகளில் பூ மலர்ந்து, மகரந்தம் சேர்க்க இவை வரக் காத்திருந்தது. தேனீ லாரியைப் பகலில் நிறுத்தவே கூடாது. ஓடினால்தான் காற்று, நின்றால் அத்தனையும் உள்ளேயே வெந்து சாகும். செத்தால் பல்காரை நம்பி இனி ஒருத்தரும் சரக்கு ஏற்றமாட்டார்கள்.

“சார், நிறுத்தாதீங்க, உள்ள...” என்று லாரியின் பக்கவாட்டுப் பலகையைக் காட்டினார்.

“சைகை கூடாது! கேட்டதுக்கு மட்டும் வாயால பதில் சொல்லணும்.” ஆய்வாளர் சாலைக் குறியீடு வரைந்த ஓர் அட்டையை நீட்டினார். “இது என்ன?”

“பனி வழுக்கும், பாத்துப் போ.”

“பேஷ். இது?” என்றார், நெற்றி வியர்வையைத் துடைத்தபடி.

“மான் குறுக்க வரும். சார், வெயில் ஏறுது, எல்லாம் வெந்துடும்!”

“மான் ஏன்யா வேகுது? சரி, வலையை அவுரு. சரக்கைப் பாக்கணும்.”

“ஐயையோ, வேணாம் சார்!”

“பாத்தியா, நான் சொன்னது புரியல. புரிஞ்சிருந்தா அவுத்திருப்பே.”

என்ன ஒரு நுண்ணறிவு! ‘ஆங்கிலம் போதாது, வண்டி ஓட்டத் தடை’ என்று கையெழுத்திட்டுவிட்டு, வலையின் ஒரு மூலையைத் தானே அவிழ்த்தார்.

தேனீக்கள் அவரை மொழி பேதம் பாராமல் வரவேற்றன. அவர் அலறியடித்து லாரியின் ஓட்டுநர் அறைக்குள் பாய, பல்காரும் பின்னாலேயே ஏறிக் கதவைச் சாத்தினார்.

“எடுய்யா வண்டியை!”

“தடை போட்டிருக்கீங்களே சார். நீங்க பேசுறதும் எனக்குப் புரியாதாமே.”

ஆய்வாளர் தடையுத்தரவைச் சுக்குநூறாகக் கிழித்தார். அப்புறம் வாயைத் திறக்கவே பயந்து, ‘போ, போ’ என்று கையை ஆட்டினார். சாட்சாத் சைகை! லாரி கிளம்பியது. பெட்டிகளுக்குள் காற்று புகுந்தது. பல்காருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாலு மைல் போனதும் வீங்கிய உதட்டோடு ஆய்வாளர் சீறினார். “தேனீன்னு முதல்லயே சொல்றதுக்கு என்ன கேடு?”

“‘உயிருள்ள தேனீ, நிறுத்தாதே’ன்னு வண்டியில நாலு பக்கமும் அடி உயரத்துக்கு எழுதியிருக்கே சார். இங்கிலீஷ்லதான்.” பல்கார் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “படிக்கத் தெரியாதவங்களை ரோட்டுல விடக்கூடாதுன்னு ஏதோ சட்டம் இருக்காமே?”