நவம்பர் பதினொன்றாம் தேதியை மட்டும் விட்டுவிடவும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
14 அக்டோபர் 1931

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமூகத்துக்கு, ரயில்வே கிளார்க் காசிவிஸ்வநாதன் மனைவி சந்திரகலா வணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் சௌக்கியம். இந்த மழையில் துணிதான் காயவில்லை. தங்கள் அச்சுக்கூடத்தாரும் நலமென்று நம்புகிறேன்.

தாங்கள் நாள்தோறும் வெளியிடும் 'இதே நாளில்' பகுதியை நான் தவறவிட்டதில்லை. மதராஸ் காலேஜில் எப்.ஏ. வரை சரித்திரம் படித்தவள் நான். அங்கே ராஜாக்கள் வரிசையாக வந்து வரிசையாகப் போனார்கள். தாங்களோ ஒரே தேதியில் ஒருவனை ஆகாயத்தில் பறக்க விடுகிறீர்கள், ஒரு கோட்டையை இடிக்கிறீர்கள், ஒரு ராணிக்குப் பிள்ளை பிறந்ததையும் சொல்லிவிடுகிறீர்கள். அதைப் படித்துவிட்டு உலை வைக்கப் போனால், இந்த நாளும் சாமானியப்பட்டதல்ல என்று தோன்றுகிறது. இவ்வளவையும் தேடியெடுக்கும் தங்களை வியக்காத நாளில்லை.

அந்தப் பகுதியால்தான் என் மகள் கோமதியின் கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

கிள்ளானில் ரயில்வே உத்தியோகம் பார்க்கும் சபாபதி அவர்களின் மகனுக்குக் கோமதியை நிச்சயம் செய்திருக்கிறோம். பையன் தங்கமான பையன். தகப்பனார் தங்கள் பரம ரசிகர். பஞ்சாங்கத்தை ஐயர் பார்க்கட்டும், பத்திரிகையை நான் பார்க்கிறேன் என்று சொல்லி, இரண்டு வருஷத்துப் பத்திரிகைகளையும் கட்டிவைத்திருக்கிறார். ஆனியில் ஜூன் இருபத்தெட்டுக்கு முகூர்த்தம் வைத்தோம். "அன்னிக்குத்தான் ஆஸ்திரியா இளவரசனையும் பெண்சாதியையும் கார்ல வச்சுச் சுட்டாங்க, தங்கச்சி. ஜோடியா போயிட்டாங்க. வேணாம்" என்றார். ஐந்து வருஷம் கழித்து அதே தேதியில்தானே சமாதான உடன்படிக்கையில் கையெழுத்தானது என்று தங்கள் பத்திரிகையை வைத்தே வாதாடினேன். "அதுக்குள்ள எத்தனை லட்சம் பேரு போய்ச் சேந்துட்டான்!" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரியென்று ஆவணியில் ஆகஸ்ட் இருபத்தேழைப் பார்த்தோம். அன்றைக்கு ஜாவா பக்கத்தில் கிரகடோவா எரிமலை வெடித்துக் கடல் ஊருக்குள் வந்ததாம். செப்டம்பர் இரண்டு என்றோம். "லண்டனே பத்திக்கிட்ட நாளு. அன்னிக்குப் பிள்ளைங்களை அக்கினியைச் சுத்தச் சொல்றீங்களா?" என்றார். என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, லண்டன் எரிஞ்சு இருநூத்தி அறுவத்தஞ்சு வருஷம் ஆச்சு, இன்னுமா அணையல?" என்று கேட்டுவிட்டார். சம்பந்தி காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிள்ளான் வண்டி ஏறிவிட்டார். மறுநாளே நான் கிள்ளானுக்குப் போய்ச் சமாதானப்படுத்திவிட்டு வந்தேன்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணால் காணாத ஊரில், தாம் பிறக்குமுன் செத்தவர்களுக்காக ஒரு மனிதர் துண்டை நனைக்கிறாரே, அவர் வீட்டில் என் பெண் அழுதால் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாரா? அதனால்தான் இந்தச் சம்பந்தத்தை நான் விட மாட்டேன் என்கிறேன்.

கடைசியில் ஐப்பசியில் நவம்பர் பதினொன்று கிடைத்தது. "ஜெர்மன் சண்டை நின்ன நாளு! இதுக்கு மேல என்ன வேணும்?" என்று குதித்தார். இப்போது என் கவலையெல்லாம் தாங்கள்தான். வருஷத்துக்கு ஒரு சம்பவத்தைப் புதிதாகச் சேர்ப்பது தங்கள் வழக்கம். அதே தேதியில் ஆஸ்திரேலியாவில் ஒரு பேர்பெற்ற கொள்ளைக்காரனைத் தூக்கில் போட்டதாக ஓர் இங்கிலீஷ் புஸ்தகத்தில் பார்த்துவிட்டேன். தாலி கட்டும் நாளில் கழுத்துக் கயிற்றுச் சமாசாரம் கண்ணில் பட்டால் மனிதர் மணவறையிலிருந்தே மகனை எழுப்பிக் கூட்டிப் போய்விடுவார். ஆகையால் அன்றைக்குச் சண்டை நின்றதை மட்டும் போட்டு, அந்தக் கொள்ளைக்காரனைத் தயவுசெய்து மறைத்துவிட வேண்டும். சரித்திரத்தில் ஒரே ஒரு ஆள்தானே, ஐயா.

தங்கள் அச்சு மை வற்றாமலும், காகிதம் இந்த மழையில் நனையாமலும் அம்பாள் காக்க.

இப்படிக்கு,
சந்திரகலா காசிவிஸ்வநாதன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சம்பந்தி முகம் வெளுத்து வந்து நின்றார். ஐயர் குறித்த நேரம் சரியாகப் பதினோரு மணியாம். அன்றைக்குப் பதினோரு மணிக்குச் செத்த சிப்பாய்களுக்காக எல்லாரும் இரண்டு நிமிஷம் வாய் பேசாமல் நிற்பது வழக்கமாயிற்றே! "வருஷா வருஷம் நான் நிக்கிறேன் தங்கச்சி. இந்த வருஷம் கெட்டிமேளம் கொட்டவா சொல்றீங்க? தையில பாத்துக்கலாம்" என்றார். உள்ளேயிருந்து கோமதி வந்தாள். "மாமா, கெட்டிமேளம் எதுக்குக் கொட்டுறாங்க? தாலி ஏர்றப்போ தும்மல், அபசகுனப் பேச்சு காதுல விழக்கூடாதுன்னுதானே? அன்னிக்கு ஊரே வாயை மூடிக்கிட்டு நிக்கும். அந்த நேரத்துல தாலி கட்டச் சொல்லுங்க. முடிஞ்சதும் மேளம் கொட்டட்டும்" என்றாள். சம்பந்தியின் துண்டு வெளியே வந்தது. "சரிம்மா, எல்லாரும் எந்திரிச்சே நிப்போம்" என்றார். அந்தத் தைரியத்தில் கொள்ளைக்காரன் விஷயத்தையும் உளறிவிட்டேன். "அவனையும் போடச் சொல்லுங்க. அவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே. அவனுக்கும் சேத்தே நிப்போம்" என்றார். ஆகவே மேற்கண்ட வேண்டுகோளைத் தள்ளிவிட்டு, ஒருவரையும் விடாமல் போடவும். கல்யாணத்துக்குத் தாங்களும் வந்து எங்களோடு நிற்க வேண்டும்.