கற்றல் தினப் பெருவிழா

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியாக உலகம் போற்ற வேண்டிய நாள், கொடிகாமத்துக்குப் பக்கத்துப் பாடசாலையொன்றில் தரம் எட்டு 'ஏ' பிரிவினர் 'கற்றல் தினம்' கொண்டாடிய நாள்தான். சந்தேகமுள்ளவர்கள் முகநூலில் படங்களைப் பார்த்துத் திருந்திக்கொள்ளலாம்.

அந்த வகுப்பில் தாரிகா என்றொரு பிள்ளை. அவளிடம் ஒரு கெட்ட பழக்கம்: விளங்காததை எழுத மாட்டாள். பூச்சியத்துக்குக் குறைவான மறை எண்ணை இன்னொரு மறை எண்ணால் பெருக்கினால் நேர் எண் வருமாம். ஏன் வரும்? போன தவணைப் பரீட்சையில் இது பிடிபடாமல் அந்தக் கணக்குகளையெல்லாம் வெறுமையாக விட்டாள். இந்தத் தவணையும் விட்டால் 'சி' பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். பரீட்சையோ மறுநாள். கணித ஆசிரியர் சுதாகரனிடம் கேட்கலாமென்றால், மூன்று வாரமாகக் கணித பாடவேளை முழுவதும் கற்றல் தின ஒத்திகைக்கே போய்விட்டது. கற்றலுக்காகக் கற்றலையே தியாகம் செய்த பாடசாலை ஐயா அது! வேறெங்கே காட்டுங்கள் பார்ப்போம்.

காலையிலிருந்தே பிள்ளைகள் வரவேற்புக்காக வெயிலில் நிறுத்தப்பட்டார்கள். உச்சி காயத் தொடங்கிய பிறகு பிரமுகர்கள் வந்தார்கள். நிறைகுடம், மாலை, பொன்னாடை எல்லாம் குறைவில்லாமல் நடந்தன. பிறகுதான் நெருக்கடி. குத்துவிளக்குக்கு ஐந்து முகம். பிரமுகர்களோ ஆறு பேர்.

"ஆரையாவது ஒருத்தரை விடுவமோ?" என்றார் சுதாகரன் மெதுவாக.

"விசரே சேர் உங்களுக்கு? பிறகு அவரின்ரை முகத்திலை முழிக்கிறேல்லையோ?" என்றார் பாடசாலை அதிபர் நாகேஸ்வரி.

கோயிலுக்கு ஆள் ஓடி இன்னொரு விளக்கு வந்தது. இப்போது பத்து முகம், ஆறு பேர். திரியை எரியாமல் விட்டால் அபசகுனமாம். மிச்ச நான்குக்கும் ஆள் தேடினார்கள். பிரமுகர்களை ஏற்றிவந்த சாரதியும் ஒரு திரியைக் கொளுத்தி, பொன்னாடையும் பெற்றார்.

அதன்பின் ஆசியுரை, தலைமையுரை, சிறப்புரை. பிள்ளைகள் கேள்வி கேட்க வேண்டும் என்று எல்லா உரைகளும் வற்புறுத்தின. கேட்க நேரமில்லாத அளவுக்கு வற்புறுத்தின. கடைசியில் பிரதம விருந்தினரான கல்வி அதிகாரி ஜெயதீபன், "எங்கை, ஒரு பிள்ளை எழும்பிக் கேளுங்கோ பாப்பம்" என்றார்.

ஒத்திகைப்படி எழும்ப வேண்டியவன் பிரவீணன். "ஐயா, தங்கள் உயர்வுக்குக் காரணம் யாது?" என்பது அவனுக்குப் பாடமாக்கிய கேள்வி. ஆனால் வெயிலில் நின்ற பயனாக அவன் குழாயடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். எழும்பியது தாரிகா.

"ஐயா, மறையை மறையாலை பெருக்கினா ஏன் நேர் வருது?"



"அருமையான கேள்வி!" என்று சுதாரித்துக்கொண்டார் ஜெயதீபன். "இப்பிடித்தான் துணிஞ்சு கேக்கவேணும். உங்கடை கணித ஆசிரியர் விளங்கப்படுத்துவார்."

"ஓம், ஓம். அதிபர் நேரம் தந்தா இப்பவே செய்யலாம்" என்றார் சுதாகரன்.

"நேரம் போயிட்டுது. அடுத்தது நன்றியுரை" என்றார் அதிபர்.

நன்றியுரையில் அந்தக் கேள்விக்கும் நன்றி சொல்லப்பட்டது. தாரிகாவுக்குச் 'சிறந்த வினாவாளர்' சான்றிதழ் கொடுத்து, பத்துப் பேர் சூழ நின்று படமெடுத்தார்கள். படத்தில் அவள் கண் கலங்கியிருப்பது ஆனந்தத்தினால் என்று கீழே எழுதினார்கள்.

எல்லாரும் போனபின், தோரணம் அவிழ்த்துக்கொண்டிருந்த சுதாகரனிடம் அவள் போனாள்.

"சேர், நாளைக்குச் சோதினை. இப்பவெண்டாலும் சொல்லுங்கோ."

சுதாகரன் அக்கம்பக்கம் பார்த்தார்.

"பிள்ளை, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. எனக்கும் தெரியாது. நான் படிக்கேக்கை கேட்டன், அடிதான் விழுந்தது. நீ நேர் எண்டு எழுது, சரி போடுவினம். ஏன் எண்டு ஆரும் கேக்கமாட்டினம்."

தாரிகா சான்றிதழை மடித்துப் புத்தகப்பையில் வைத்தாள்.

"இதை மேடையிலை சொல்லியிருக்கலாமே சேர்? இண்டைக்கு ஒரு விசயமெண்டாலும் படிச்சிருப்பம்."