ஐந்து மணிக்கு வரச் சொன்ன சம்பந்தி வீட்டார்

உ

கட்டுக்கலை, கண்டி
28-1-1934, ஞாயிறு, பிற்பகல் மணி 3.00

மகா கனம் பொருந்திய மைத்துனர், மடுல்கெல்லத் தோட்டத்துப் பெரிய கங்காணி கறுப்பையா மச்சான் அவர்களின் சமுகத்துக்கு ராஜலிங்கம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் பைக்கடிகாரமும் க்ஷேமம். உங்கள் தங்கை ரத்தினம்மாவின் க்ஷேமத்தை இதை வாசித்துவிட்டு நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

ஹுன்னஸ்கிரியத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்து, முந்நூறு பேரை விடியற்காலையில் பெரட்டுக்கு வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்று வந்து பார்த்தால், மூன்று பேர் இருக்கிற வீட்டில் ஒரு காரியம் நேரத்துக்கு நடக்கவில்லை. கோப்பி கொதிக்கும்போது கொதிக்குமாம், சோறு வேகும்போது வேகுமாம். இது வீடா, சந்தைக்கடையா? ஆகவே ஒரு நேர அட்டவணை எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டினேன். காலை ஐந்தரைக்கு நான் தகரத்தைத் தட்டினால் தாயும் மகளும் முற்றத்தில் பெரட்டுக்கு வந்து நிற்க வேண்டும். முதல் நாளே உங்கள் தங்கை நாலு நிமிஷம் பிந்தி, கையில் அகப்பையோடு வந்தாள். தோட்டத்து வழக்கப்படி அரை நாள் வேலைதான் பதிவு, அரைப்பேர் என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் தட்டில் பாதிச் சோறு வந்தது. மீதி எங்கே என்றால், "அரைப்பேர்க்காரி சமைச்சா அரைத்தட்டுதாங்க வரும்" என்கிறாள்! முந்நூறு பேரில் ஒருத்தி என்னிடம் இப்படி வாயாடியிருப்பாளா மச்சான்?

குடும்பமென்றால் வேலை மட்டுமா? சந்தோஷத்துக்கும் இடம் விட்டேன். மாலை ஏழிலிருந்து ஏழு இருபது வரை 'குடும்பத்தாருடன் பேசும் நேரம்'. கதிரையில் உட்கார்ந்து, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ம், பேசுங்க" என்றேன். மகள் புஷ்பம், "சாப்பிட்டீங்களா அப்பா?" என்றாள். சாப்பாடு ஏழரைக்கு என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அதை எடுத்துச் சொன்னேன். பிறகு இருபது நிமிஷமும் பல்லி மட்டும்தான் பேசியது. ஆனால் நான் இல்லாதபோது அடுப்படியில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்படி என்ன சிரிப்போ, எனக்குச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பல்லேகலத் தோட்டத்து மருந்து கொடுக்கும் பையனுக்குப் புஷ்பத்தைக் கேட்டிருக்கிறார்கள். பையன் தங்கம். வெற்றிலைத் தட்டு மாற்ற இன்று மாலை ஐந்து மணி என்று நான்தான் குறித்துக் கொடுத்தேன். அட்டவணையில் அந்த ஒரு மணிதான் காலி. உங்கள் தங்கை குதித்தாள். "என்னங்க, ஞாயித்துக்கிழமை நாலரைக்கு மேல ராகுகாலங்க! இருக்கிறது ஒத்தப் பொண்ணு. மூணரைக்கு வரச் சொல்லுங்க." மூன்றிலிருந்து ஐந்து வரை நான் கதவைச் சாத்திக்கொண்டு கடிதம் எழுதும் நேரம். வீடே பற்றி எரிந்தாலும் என்னைக் கூப்பிடக்கூடாது என்பது மூன்றாம் விதி. ராகுவுக்கெல்லாம் என் அட்டவணையில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். "சரிங்க, உங்க விதிய நாங்க மீறலைங்க" என்று அடங்கிப் போனாள். கண்டிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

"தாய்மாமனான என்னை ஏன் அழைக்கவில்லை?" என்று நீங்கள் கோபிப்பீர்கள். என் கல்யாணத்துக்கே, தாலி கட்டி, பந்தி எழும்பிய பிறகு வந்து நின்ற மனுஷர் நீங்கள். கடிகாரம் இல்லாத ஆளை என் மகளின் நல்ல காரியத்தில் நிறுத்த எனக்கு இஷ்டமில்லை. அதுவுமல்லாமல், புஷ்பம் பிறந்த அன்று நான் பெரட்டுக் களத்தில் நின்றேன். அவள் காதுகுத்துக்குத் துரை லீவு தரவில்லை. இந்த ஒன்றையாவது தகப்பன் கையால் செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. நாலே முக்காலுக்கு உடுத்த வேட்டியும் கோட்டும் கட்டிலில் மடித்து வைத்திருக்கிறேன்.

இதை எழுதும்போதே முன்னறையில் கதிரைகள் இழுபடுகின்றன, கேசரி வாசம் மூக்கைத் துளைக்கிறது, யாரோ ஆண்குரலில் சிரிக்கிறார்கள். அக்கம்பக்கத்தாரைக் கூட்டி ஒத்திகை பார்க்கிறாள் போலும். ஒத்திகைக்கு நான் குறித்துக் கொடுத்தது பகல் இரண்டு மணிக்கு! எழுந்து போய்க் கேட்கலாமென்றால் இது கடித நேரம். இருக்கட்டும், ஐந்துக்கு வெளியே வந்து இரண்டு பேருக்கும் அரைப்பேர்தான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. எல்லாருக்கும் கடிகாரம் பார்க்கும் புத்தியை முருகன் அருளட்டும்.

இப்படிக்கு,
ராஜலிங்கம்

பி.கு.: மணி 5.00. கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். சம்பந்தி வீட்டாரைக் காணோம், அவர்கள் குடித்த வெறுங்கோப்பைகள்தான் இருந்தன. உங்கள் தங்கை ஆள் அனுப்பி அவர்களை மூன்றரைக்கே வரச் சொல்லி, நாலு இருபதுக்குத் தட்டு மாற்றி அனுப்பியும் விட்டாளாம். என்னைக் கேட்டவர்களிடம் நான் பேதி மருந்து குடித்துப் படுத்திருப்பதாகச் சொன்னாளாம். மாப்பிள்ளை எனக்காக ஒரு போத்தல் மருந்து தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார், மூன்று வேளையும் நேரம் தவறாமல் குடிக்கவேண்டுமாம். "மூணாம் விதிங்க, அதான் கூப்பிடல" என்கிறாள் உங்கள் தங்கை. திட்ட வாயெடுத்தேன். புஷ்பம் தலை நிறையப் பூவோடு வந்து, "சாப்பிட்டீங்களா அப்பா?" என்றாள். இல்லையம்மா என்றேன். என் இடத்தில் நின்று தட்டு மாற்றிய நீங்கள் இப்போது என் கதிரையில் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருக்கிறீர்கள். தங்கை வரச் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முந்தியே வந்தீர்களாமே! ஆகையால் இதைத் தபாலில் போடவில்லை, கையில் தருகிறேன். கல்யாணத்துக்கு நீங்களெல்லாம் முகூர்த்தம் குறிக்கும்போது, எத்தனை மணிக்கு என்று எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மச்சான்.