மூக்கு ஊத வேண்டிய இடம்

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் சொல்லச் சொல்ல உங்கள் மருமகள், அதாவது என் மகள், எழுதும் கடிதம். இங்கே நானும் மகளும் அவள் வீட்டுக்காரரும் சுகம். கம்ப்யூட்டருக்கு மட்டும் கொஞ்சம் சரியில்லை. உங்கள் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்று அறிய ஆவல்.

ஆற்றுப்பாலத்தில் பாதியை வெள்ளம் கொண்டுபோய், தபால் அலுவலகத்துக்குள் மீன் துள்ளிய வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். அதே வருஷம்தான் சினிமாக் கொட்டகை தீப்பிடித்து, பக்கத்துக் கடை முடிவெட்டுகிறவர் கண்ணாடியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினார். அதே வருஷம்தான் நீங்கள் என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டீர்கள். இத்தனையையும் ஒரே வருஷத்தில் தாங்கிய குடும்பம் எங்களுடையது. நம் டான்ஸ் ஹால் முதலாளி மூடிப்போன ஓட்டலிலிருந்து பியானோ வாங்கி வந்ததும் அப்போதுதான். நடுவில் ஒரு கட்டை அழுத்தினால் எழும்பாது, நான் சுண்டுவிரல் நகத்தால் தூக்கிவிட்டுக்கொண்டே வாசிப்பேன்.

என் ஞாபகத்தை இப்படிக் கடை விரிப்பதற்குக் காரணம் உண்டு. எனக்கு மறதி வந்துவிட்டது என்று இந்த வீட்டில் முடிவாகிவிட்டது. அதற்குக் காரணம் ஒரு ஒயர்.

மகள் எனக்கு ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கிக் கொடுத்தாள். நல்ல பொருள்தான், எல்லாக் கட்டையும் எழும்புகிறது, அதனால் என் சுண்டுவிரல் வேலையில்லாமல் தவிக்கிறது. இதைக் கம்ப்யூட்டரில் கோத்தால் வாசிப்பதைப் பதிந்து வைக்கலாம் என்றார் மருமகன். உடனே எனக்கு ஹாலை மூடும்போது நாம் வாசிப்போமே, அந்தக் கடைசி மெட்டு ஞாபகம் வந்தது. பதிந்து வைத்துவிட்டால் நான் போன பிறகும் அது கிடக்கும் இல்லையா. மருமகன் பிரிண்டரில் இருந்த ஒயரைப் பிடுங்கி, ஒரு முனையைப் பியானோவின் முதுகிலும் மறுமுனையைக் கம்ப்யூட்டரின் இடுப்பிலும் செருகினார். பியானோவை அடையாளம் தெரியவில்லை என்றது கம்ப்யூட்டர். ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு தெரியாதாம், நம் பெரியம்மா வீட்டுச் சம்பந்திகள் மாதிரி. எதையோ இறக்கி, அணைத்துப் போட்டு, மறுபடி போட்டபின் தெரிந்தது. வாசித்தேன். திருப்பிப் போட்டால் என் வாசிப்பு புல்லாங்குழலில் கேட்கிறது, நடுநடுவே மணி வேறு அடிக்கிறது. இது சத்தத்தைப் பிடிக்காதாம், எந்தக் கட்டையை எப்போது எவ்வளவு அழுத்தினேன் என்று மட்டும் குறித்துக்கொள்ளுமாம், எந்த வாத்தியத்தில் கேட்பது என்பது அப்புறம் நம் இஷ்டமாம். போலீஸ்காரன் போல இது ஏன் என் விரலை வேவு பார்க்கிறது என்று கேட்டேன். மருமகன் எதையோ மாற்றினார். இப்போது பியானோ சத்தமே வந்தது, ஆனால் கட்டையை அழுத்தி, ஒரு மூச்சு விட்டபிறகு வந்தது. நம் டிரம்காரன், பானை என்று கூப்பிடுவோமே, அவன் இரண்டு கிளாஸ் உள்ளே போனபின் அடிப்பானே, அதே அடி. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மருமகன் கோளாறு என்று நினைத்து அதையும் சரிசெய்துவிட்டார். மருமகன் நல்லவர். (இதற்கு அடுத்து அப்பா சொன்ன வாக்கியத்தை நான் எழுதவில்லை, மாமா.)

கடைசியில் ஒருநாள் சுத்தமாகப் பதிந்தது. மறுநாள் காலை காபி குடிக்கும்போது மருமகன் சிரித்துக்கொண்டே வந்தார்.

"மாமா, நடுவுல நீங்க மறந்துட்டு சும்மா உக்காந்திருந்த இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துட்டேன். இப்போ கேளுங்க, கோர்வையா இருக்கு."

"அது மறந்த இடம் இல்லப்பா. மூக்கு ஊதுற இடம்."

அவர் என் மூக்கைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

தப்பு என்னுடையது இல்லை. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளையை மூக்கு என்று கூப்பிடக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கினாள், ஆகவே இந்த வீட்டில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஊதும்போது நீ மூக்கைக் கூரைக்குத் தூக்குவாயே, அதுதான் பெயருக்குக் காரணம் என்று அவர்களிடம் சொன்னேன். உன் மாமா கிளாரினெட் ஊதுவார் என்று மகளிடம் சொன்னேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போலச் சொன்னாள்: "அப்பா, மாமா பஸ் டிப்போல டைம்கீப்பரா இருந்தவர்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஹாலை இடித்த வாரம் நீ கிளாரினெட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினாய், அவள் அதற்குப் பிறகு பிறந்தவள். மாமாவை நீ என்று எழுதலாமா என்று இப்போது கேட்கிறாள். எழுதும்மா. 'நீங்கள்' என்று போட்டுக்கொண்டு அவனிடம் எதையும் கேட்டு வாங்க முடியாது.

அடுத்து டாக்டர். இது என்ன வருஷம் என்றார். எழுத்தும் எண்ணும் தெரியாதவனுக்கு என்ன நடந்ததோ அதுதான் வருஷம். எதிர்க் கட்டடத்து லிப்டில் பல் டாக்டர் மாட்டிக்கொண்ட வருஷம் என்றேன். டாக்டர் மகளைப் பார்த்தார், மகள் தரையைப் பார்த்தாள். இப்போது என்னைத் தனியாகத் தெருமுனைக்கு விடுவதில்லை. கேஸ் அடுப்புப் பக்கம் போனால் பின்னாலேயே ஒருவர் வருகிறார். சட்டைப்பையில் வீட்டு விலாசம் எழுதிய சீட்டு இருக்கிறது. அதை என்னால் படிக்க முடியாது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், சரியா என்று பார். கூட்டம் கலையும். நான் ஒரு சுற்று வாசித்துக் கையை எடுப்பேன். நீ தனியாக ஊதுவாய். வாசலில் டிக்கெட் கிழித்த கையோடு என் தங்கச்சி உள்ளே வந்து, உன் ஊதலுக்கு இசைவாக நாற்காலிகளை அடுக்குவாள், மரத்தின் மேல் மரம் உட்காரும் அந்தச் சத்தமும் மெட்டில் சேர்த்திதான். பிறகு நான். பிறகு நீ. வயலின்காரன் நெட்டை, பெட்டியை மூடிவிட்டுச் சுவரில் சாய்ந்து கேட்பான். மூன்றாம் தடவை நீ ஊதி முடித்ததும் நான் சேர்ந்துகொள்ள, முதலாளி விளக்கை அணைப்பார். ஒன்று விடாமல் சொன்னேனா இல்லையா?

ஆகவே நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். அவை மறந்த இடங்கள் அல்ல, நீ ஊத வேண்டிய இடங்கள் என்று இரண்டு வரி எழுதிப் போடு. முடிந்தால் பீரோவைத் திறந்து, பேத்தியின் போனில் அந்த மூன்று இடத்தையும் ஊதி அனுப்பு. மருமகன் அதை நடுவில் ஒட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அசல் பதிவை அழிக்கவில்லையாம். நீ வர வேண்டாம். இங்கே மாடிப்படி செங்குத்து, உன் முழங்காலைத் தூக்கிவர ஆள் பிடிக்க என்னால் ஆகாது.

உன் மகனும் மருமகளும் பேத்தியும் குறைவில்லாமல் இருக்கட்டும். உன் பல்செட்டுக்கும் என் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
இங்கே பெருவிரல் ரேகை வைத்திருக்கும் உன் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை நானே ஒட்டிக்கொள்கிறேன் என்று மகளிடமிருந்து வாங்கிவந்துவிட்டேன். இந்தப் பின்குறிப்பை எழுதுவது கீழ்வீட்டுத் தையல்காரம்மா, ஊசி முனையைப் பார்ப்பது போலப் பேனா முனையில் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். மருமகன் வெட்டிய மூன்றில் முதல் இரண்டும் உன் இடம். மூன்றாவது உன் இடம்தான், ஆனால் அதற்குப் பிறகு நான் எந்தக் கட்டையில் சேர்ந்துகொள்வேன் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. விரலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. நீ ஊதினால் கை தானாகப் போகும் என்று நினைக்கிறேன், மாப்ளே. போனில் ஊதி அனுப்ப வேண்டாம், நேரில் வா. படியில் உன்னை நானே தூக்குகிறேன். அந்த முடிவு தெரிந்தவர்களில் பானை போய்ச் சேர்ந்தான். நெட்டையும் போய்விட்டான். நாற்காலி அடுக்கிக்கொண்டே அதை முணுமுணுத்தவளும் போய்விட்டாள். இருப்பது மூக்கு.