போத்தனூரிலிருந்து கடல் மேய்த்தவர்

கடலைக் கண்ணால் பார்க்காமலே கடலைக் கட்டி மேய்த்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் போத்தனூர் ஆபீஸில், என் எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தார். பெயர் ஏதோ இருந்தது. எங்களுக்கெல்லாம் அவர் கடலண்ணன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பம்பு செட்டு செய்துகொண்டிருந்த எங்கள் முதலாளிக்கு, ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கடல் மிதவை செய்து பராமரிக்கும் ஒப்பந்தம் எப்படியோ கிடைத்துவிட்டது. மிதவை என்றால் ஆளுயரத்தில் ஒரு மஞ்சள் பூதம். நடுக்கடலில் நங்கூரம் போட்டுக் கட்டிவிட்டால், தான் இருக்கும் இடத்தைத் தவிர, தண்ணீரின் சூடு, உப்பு, அலை எல்லாவற்றையும் அளந்து செயற்கைக்கோளுக்குச் சொல்லும். அதை வைத்து, மழை ஏன் தடுமாறுகிறது என்று ஆராய்வார்களாம். இதற்கும் கோயம்புத்தூருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. படகு பிடிப்பது, பேட்டரி மாற்ற ஆள் அனுப்புவது எல்லாம் கடலண்ணன் பொறுப்பு. அந்த அளவுகளோடு நிலையத்திலிருந்து வருகிற ஃபேக்ஸைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு.

வால்பாறை பஸ்ஸில் முதல் வளைவிலேயே வாந்தி எடுக்கிற மனுஷன் அவர். படகில் ஏறுவாரா? எல்லாம் போனில்தான்.

"ஏனுங்க, கடல்ல இன்னைக்குத் தண்ணி இருக்குதுங்களா?" என்று படகுக்காரரிடம் ஆரம்பிப்பார். எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றுதானே முதலில் விசாரிப்போம்? அந்தப் பழக்கதோஷம்.

புது மிதவை எதுவும் நேராகக் கடலுக்குப் போகாது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் அவருடைய தோட்டத்துக் கிணற்றில் மிதந்து காட்டிவிட்டுத்தான் போகும்.

"மோட்டாரானாலுஞ் செரி, மெதவையானாலுஞ் செரி, நம்ம கெணத்துல உட்டுப் பாக்காம வெளிய அனுப்பப்படாதுங்க."

ஒரு புயலில் நாலாம் நம்பர் மிதவை கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அதனிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. முதலாளி கடலண்ணனைக் கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு வாரத்துக்குள்ள அது கெடைக்கோணுமுங்க. இல்லீன்னா ஒப்பந்தம் போயிரும். நீங்களும் தோட்டத்தையே பாத்துக்கலாமுங்க." எங்கள் ஊரில் வேலையை விட்டு விரட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் விரட்டுவார்கள்.

கடலண்ணன் வெளிறிப்போனார். படகுகள் தேடின. ஒன்றும் அகப்படவில்லை. நாலைந்து நாள் கழித்து, திடீரென்று நாலாம் நம்பர் பேச ஆரம்பித்துவிட்டது! தகவல் வருகிறதே, அது போதும் என்று ஆராய்ச்சி நிலையம் தேடலை நிறுத்தச் சொன்னது. முதலாளி எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் ஃபேக்ஸைப் படித்தால் தலை சுற்றியது. கடலில் உப்பே இல்லை. ஆராய்ச்சி நிலையத்தில் ஒருவர் கருவி கோளாறு என்றார், இன்னொருவர் கடலடியில் நல்லதண்ணீர் ஊற்று என்றார். இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

"அண்ணா, இன்னொரு கூத்தைக் கேளுங்க," என்றேன். "காலங்காத்தால மட்டுந்தான் அலை அடிக்குதுங்க. மத்த நேரம் கடல் அசையறதே இல்லீங்க."

மைசூர்பாகை வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றது.

"காத்தாலயா? அம்மணி, அது மூணு பேஸ் கரண்டு வர்ற நேரமாச்சே! போர்வெல் தண்ணி எங்க கெணத்துல உழுகுற நேரமுங்க அது!"

தொலைந்ததற்கு மாற்றாகச் செய்த மிதவைக்கும் பட்டறையில் அதே நாலாம் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். இவர் வழக்கம்போல அதைக் கிணற்றில் இறக்கியிருக்கிறார். சுவிட்சை அணைத்ததாக நினைப்பு.

எனக்குத் தெரிந்து, அவரும் நானும் வாயைத் திறக்காவிட்டால் அந்தக் கிணறே வங்காள விரிகுடாவாக இருந்துவிட்டுப் போயிருக்கும். அவர் வேலையும் தப்பியிருக்கும். அப்படியே சொன்னேன்.

"வேண்டாமுங்க அம்மணி. நம்ம கெணத்துத் தண்ணிய நம்பி அவங்க ஊருலகத்து மழைக்குக் கணக்குப் போட்டா என்னத்துக்காவறது?" என்று எழுந்து, முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். முதலாளி அவரைத் திட்டிய திட்டில் ஒரு 'ங்க' கூட இல்லை. கெடு முடிய இன்னும் கொஞ்ச நாள் மிச்சமிருந்தது. "நானே போறனுங்க" என்று ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு நாகப்பட்டினத்துக்கு ரயிலேறினார்.

அதற்கப்புறம் தகவலே இல்லை. மிதவை தொலைந்ததா, மனுஷன் தொலைந்தாரா என்று புரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை போன் வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். "அம்மணி... புடிச்சுக் கட்டிப்போட்டனுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற முதலாளி, எந்த இடம், சேதம் உண்டா, பேட்டரி இருக்கிறதா என்று கேள் கேள் என்று கையை ஆட்டினார்.

"சாப்புட்டீங்களாண்ணா?" என்றுதான் கேட்டேன்.