வளைவில் இறங்கிய காற்று

"மறுபடியும் காத்து எறங்கிப்போச்சுங்கண்ணா!"

சவுரியப்பன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டார். அதியமான்கோட்டையைத் தாண்டி, சேலம் ரோட்டில் தனியாக நிற்கும் தகரக் கொட்டகை அது; லாரி முதலாளி அவரை டயர் வேலைக்காக அங்கே வைத்திருந்தார். டயர் கோளாறு என்றால் மட்டும் முதலாளியின் லாரிகள் அங்கே நிற்கலாம். கோளாறு வருவதோ டிரைவர் காளியப்பன் லாரிக்கு மட்டும்தான்.

"உன் வண்டிக்கு மட்டும் ஏன்யா இப்படி?"

"ராசிங்கண்ணா. அத வுடுங்க, எங்க வூட்டு வெள்ளாடு குட்டி போட்ட கதையச் சொல்லவே இல்லியே!"

சவுரியப்பன் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கினார். ஒரு குமிழிகூட வரவில்லை. ஆட்டுக்கதை முடியும்வரை மெதுவாகவே காற்றடித்தார். லாரி போனபின் பம்பு மட்டும் மிச்சமிருந்தது.

மறுநாள் முதலாளி வந்தார். "யுத்த காலம்யா. கூப்பன் இல்லாம டயரக் கண்ணாலகூட பாக்க முடியாது. காத்து கொறஞ்சு ஓடினா டயர் வெந்துபோவும். இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா கொட்டாயப் பூட்டிட்டு ஊரப் பாத்துப் போ!"

ஊர் இருந்தது. அங்கே கதவைத் திறக்க ஆள்தான் இல்லை.

சவுரியப்பன் டியூபை மாற்றினார். அடுத்த நடையில் இரண்டு டயர்கள் இறங்கியிருந்தன. ஆட்டுக்கதையும் இரண்டு மடங்கு நீண்டது.

கொட்டகைக்குச் சற்று முன்னால் உள்ள ரோட்டு வளைவில் மாடுகளுக்கு லாடம் கட்டும் முனியப்பன் மேல் சந்தேகம் திரும்பியது. கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் இருந்த ஒரே மனிதன் அவன்.

"உன் லாட ஆணிதான்யா டயரக் குத்துது. பாப்பிரெட்டிப்பட்டி சந்தைக்குப் போயி கட்டு!"

"ஆணி குத்தினா ஓட்டை இருக்கோணுமில்லீங்க?"

"எதுத்துப் பேசாத!"

முனியப்பன் போய்விட்டான். சவுரியப்பன் விளக்குமாறும் கையுமாக ரோட்டைக் கூட்ட ஆரம்பித்தார். ஆளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று மாட்டுவண்டிக்காரர்கள்கூடப் பேச்சுக் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

அப்படியும் காளியப்பன் லாரி நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தது. "குட்டி வத்தல்மலைக்கு ஓடிப்போயிருச்சுங்கண்ணா!"

"ஆடு கெடக்கட்டும்!" சவுரியப்பன் இடுக்கியை எடுத்தார். வால்வில் தூசி புகுகிறதோ என்னவோ! எல்லா வால்வு மூடிகளையும் முறுக்கி, தகரம் சுற்றி, கம்பியால் இறுக்கிக் கட்டினார். "இனி எமன் வந்தாலும் கழட்ட முடியாது."

காளியப்பன் முகம் சுண்டியது. "இவ்வளவு எதுக்குங்கண்ணா?"

"எல்லாம் ஒனக்காகத்தான்யா."

அதன்பின் காற்று இறங்கவில்லை. லாரி ஹார்ன் அடித்தபடி கொட்டகையைக் கடந்து போனது. நிற்கவில்லை.

முதலாளி முதுகில் தட்டினார். "சபாஷ்! ஆயுசுக்கும் இந்தக் கொட்டாய் உனக்குத்தான்!"

சவுரியப்பன் தலையாட்டினார். அன்று அவர் காதில் விழுந்த பேச்சு அவ்வளவுதான்.

விட்டுப்போன பட்டடைக் கல்லை எடுக்க முனியப்பன் வந்தபோது, சவுரியப்பன் பம்பிடம் ஆட்டுக்கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

"காளியப்பன் இப்ப நிக்கறதில்லீங்களா?"

"டயர் நல்லா இருக்குது. எதுக்கு நிக்கோணும்?"

முனியப்பன் கல்லைத் தோளில் ஏற்றினான். "சொன்னா அவன் பொழப்பு போயிருமேன்னு அன்னிக்கு வாய மூடிக்கிட்டேன். அவன் வூட்ல ஆடும் இல்ல, ஆளும் இல்லீங்கண்ணா. வளைவுல எறங்கி அவனேதான் காத்தப் புடுங்கி வுடுவான், உங்ககிட்ட நின்னு பேச ஒரு சாக்கு வேணுமில்லீங்களா!"